இடுப்பில் வைத்த கை

அறுவைச் சிகிச்சைத் துறையின் தலைவர் டாக்டர் ஞானசிகாமணி அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெற இருந்தார். அறையைக் காலி செய்துகொண்டிருந்தார். பரிசாக வந்த பேனா ஸ்டாண்டுகளே ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருந்தன. டாக்டருக்கு வேறு என்ன கொடுப்பது என்று யாருக்கும் தெரிவதில்லை.

காலை ஒன்பதரைக்கு நஸீமா உள்ளே வந்தாள். அவருடைய பழைய மாணவி, இப்போது அதே துறையில் உதவிப் பேராசிரியர். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைக் கோட், மேலிருந்து கீழ்வரை எல்லாப் பொத்தானும் போட்டிருந்தாள். கையில் ஒரு கடிதம்.

"ஒரு கையெழுத்து வேணும் சார்."

"என்னது?"

"மூணாம் வருஷப் பொண்ணு, அங்கயற்கண்ணி. வார்டு கிளாசுக்குக் கோட் இல்லாம வந்து நிக்கிறா. இது மூணாவது தடவை. மூணு தடவையும் வெளியே அனுப்பிட்டேன். அந்த மூணு நாளைக்கும் அட்டெண்டன்ஸ் கிடையாதுன்னு எழுதியிருக்கேன்."

"அது இல்லைன்னா?"

"பரீட்சை எழுத முடியாது. ஆறு மாசம் போகும்."

"இப்ப எங்க அவ?"

"வராண்டாவுல நிக்கிறா சார். அழுதுக்கிட்டு."

"ஏன் கோட் இல்லையாம்?"

"நான் கேக்கலை சார். நீங்களும் என்கிட்ட கேக்கலையே."

ஞானசிகாமணி கையிலிருந்த புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்தார்.

அவள் எதைச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கல்லூரியில் எல்லோருக்குமே தெரியும். வருடா வருடம் புது மாணவர்கள் சேரும் நாளில் நஸீமா மேடையேறி அந்தக் கதையைத்தான் சொல்வாள். இன்றைக்கு மேடை இல்லாமலே சொன்னாள்.

"பதினேழு வருஷம் ஆச்சு சார். பெண்கள் வார்டு. முந்தின நாள் மழையில என் கோட் கொடியிலயே நனைஞ்சு போச்சு. மஞ்சள் சுடிதார், ரப்பர் செருப்பு. செருப்புக்கு நீல வார். பேட்ச்ல இருபத்தெட்டுப் பேர், நான் ஒருத்திதான் கோட் இல்லாம, லேட்டா வேற வந்தேன். நீங்க கிளாசை நிறுத்திட்டு என்னைத் திட்டினீங்க. ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கு. நோயாளி நம்மளை நம்பி உடம்பை ஒப்படைக்கிறாங்க, அவங்க முன்னாடி எப்படி நிக்கிறோங்கிறதுலதான் மரியாதை ஆரம்பிக்குதுன்னு..."

"போதும்மா."

"ஹாஸ்டலுக்குப் போய் அழுதேன். அப்புறம் அதை நோட்டோட முதல் பக்கத்துல எழுதி வச்சேன். அன்னைக்கு நீங்க என்னை வெளியே அனுப்பலைன்னா நான் இந்தக் கோட்டுக்கே லாயக்கில்லாமப் போயிருப்பேன் சார்."

அவள் குரலில் பொய் இல்லை. அதுதான் அவரைக் கஷ்டப்படுத்தியது.

"கட்டில்ல யார் இருந்தா?" என்று கேட்டார்.

"எந்தக் கட்டில் சார்?"

"அன்னைக்கு. நான் உன்னைத் திட்டினப்போ."

நஸீமா யோசித்தாள். செருப்பு வாரின் நிறம் நினைவிருந்தது. இது வரவில்லை.

"ஏதோ ஒரு கேஸ் சார். மார்புக் கட்டின்னு நினைக்கிறேன். நான் தலை நிமிரவே இல்லையே."

"பேரு?"

அவள் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள்.

ஞானசிகாமணி கடிதத்தை வாங்கிக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்தார்.

"நான் இதைப் படிக்கிறேன். அதுவரைக்கும் அந்த ஸ்டூல்ல உக்காரு. மார்புக் கட்டிக்கு நோயாளியை என்ன செய்யச் சொல்லுவோம்?"

"இடுப்புல ரெண்டு கையையும் வச்சு அழுத்தச் சொல்லுவோம் சார். தசை இறுகும். கட்டி அதோட ஒட்டியிருக்கான்னு தெரிஞ்சுடும்."

"செய்."

நஸீமா சிரித்தாள். சார் போகிற நேரத்தில் பழைய நாள் மாதிரி வைவா கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து அழுத்தினாள்.

அவர் படித்தார். கடிதம் ஒன்றரைப் பக்கம்தான். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நஸீமாவுக்குத் தோள்பட்டை கனத்தது. முழங்கை நடுங்கத் தொடங்கியது. அட்டெண்டர் ஒருவர் ஃபைலோடு உள்ளே வந்தார், அவள் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஃபைலை வைத்துவிட்டுப் போனார். கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தும் அவளுக்கு உடம்பு கூசியது.

சார் மறந்துவிட்டாரோ என்று தோன்றியது.

"கையை எடுத்துக்கலாமா சார்?"

"அவங்க கேக்கலை," என்றார் ஞானசிகாமணி.

அவள் கை தானாகவே இறங்கியது.

"ஒச்சம்மாள்னு பேரு. உசிலம்பட்டிப் பக்கம், மல்லிகைப்பூ எடுக்கிற வேலை. நாப்பத்தொரு வயசு. நெல்லிக்காய் அளவு கட்டி. பையங்களும் பொண்ணுங்களுமா வந்து பாப்பாங்க, சம்மதமான்னு கேட்டேன். ரெண்டு நாள் மாட்டேன்னாங்க. மூணாம் நாள், பிள்ளைக படிக்கணும்ல, பாக்கட்டும்யான்னாங்க."

அவர் கடிதத்தை மேசைமேல் வைத்தார்.

"ஜாக்கெட்டைக் கழட்டி உக்கார வச்சேன். இடுப்புல கையை வச்சு நல்லா அழுத்திப் பிடிங்கம்மா, நான் சொல்றவரைக்கும் எடுக்காதீங்கன்னேன். அப்பத்தான் நீ வந்தே."

ஜன்னலுக்கு வெளியே புறநோயாளிப் பிரிவின் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

"நான் உன் பக்கம் திரும்பிட்டேன். மரியாதையைப் பத்திப் பேசினேன். நல்லாவே பேசினேன். அன்னைக்கு நான் பேசினதுல தப்பா ஒரு வார்த்தைகூட இல்லை."

"சார்..."

"உன்னை அனுப்பிட்டுத் திரும்பினேன். கையை எடுக்கலை அவங்க. கண்ணை மட்டும் மூடியிருந்தாங்க. நான் அதையும் கவனிக்கலை, விட்ட இடத்துல இருந்து பாடத்தை ஆரம்பிச்சேன். சாயங்காலம் ரவுண்ட்ஸ் போனா கட்டில் காலி. சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாங்கன்னு நர்ஸ் எழுதி வச்சிருந்தாங்க. படிக்காத ஜனம், ஆபரேஷன்னா பயம்னு நானும் அடுத்த கட்டிலுக்குப் போயிட்டேன்."

"திரும்பி வரவே இல்லையா?"

"வந்தாங்க. பதினாலு மாசம் கழிச்சு. புண்ணாகி, முதுகெலும்பு வரைக்கும் பரவி. மகன் தூக்கிட்டு வந்தான். நான் கோபத்துல கத்தினேன். அன்னைக்கே எடுத்திருந்தா பிழைச்சிருப்பீங்களே, ஏம்மா ஓடினீங்கன்னு."

"என்ன சொன்னாங்க?"

ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றினார். அந்த அம்மாள் பேசிய மாதிரியே, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"'கோட்டுப் போடாம வந்துருச்சுன்னு அந்தப் புள்ளைய அம்புட்டு நேரம் பேசுனீகளேய்யா. எதுத்தாப்புல கடியாரம் இருந்துச்சு, பன்னெண்டு நிமிசம். நான் ஒண்ணுமே போடாமல்ல உக்காந்திருந்தேன்.'"

வராண்டாவில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அங்கயற்கண்ணிதான்.

"மூணு வாரம் இருந்தாங்க," என்றார். "நான் தினமும் போய்ப் பக்கத்துல உக்காருவேன். போர்வையைக் கழுத்துவரைக்கும் இழுத்துப் பிடிச்சுக்குவாங்க. கடைசிவரைக்கும் அப்படித்தான். நான் மன்னிப்புக் கேட்டேன். சரிங்கய்யான்னாங்க. போர்வையை விடலை."

நஸீமாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

"என்கிட்ட ஏன் சார் சொல்லலை? பதினேழு வருஷம்."

"முதல்ல, நீ சின்னப் பொண்ணு, தாங்க மாட்டேன்னு நினைச்சேன். அப்புறம் நீ நல்ல சர்ஜன் ஆனே. வருஷா வருஷம் மேடையில அதைச் சொல்லுவே. எல்லாரும் கை தட்டுவாங்க. நான் எந்திரிச்சுக் கும்பிடுவேன்." பேனா ஸ்டாண்டுப் பெட்டியைத் தள்ளி வைத்தார். "வெக்கமா இருக்கும் நஸீமா. ஆனா, கை தட்டறது பிடிச்சும் இருந்துச்சு. அதான் சொல்லலை."

அவர் கடிதத்தை அவளிடம் நீட்டினார். கையெழுத்து இல்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நஸீமா அதை நான்காக மடித்துக் கோட் பைக்குள் வைத்தாள். சட்டென்று எழுந்து கதவருகே போனாள்.

"அங்கயற்கண்ணி, வார்டுல ஹெர்னியா பாடத்துக்கு ஒரு பெரியவரை நிக்க வச்சுட்டு அப்படியே வந்துட்டேன். ஓடு. உக்காரச் சொல்லு. வேட்டியைச் சரியாக் கட்டிக்கச் சொல்லு. நான் இதோ வர்றேன்."

"கோட் இல்லையே மேடம்?"

"பரவாயில்ல, போம்மா."

ஓடுகிற காலடிச் சத்தம் தேய்ந்து மறையும்வரை நஸீமா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தானும் போக வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் ஒன்றைக் கேட்காமல் போக முடியவில்லை. திரும்பி அவரைப் பார்த்தாள். பதினேழு வருடத்துக்கு முன்பு ரப்பர் செருப்போடு நின்ற பெண்ணின் முகம் அப்படியே வந்திருந்தது.

"சார், அன்னைக்கு நான் மட்டும் கோட் கொண்டு வந்திருந்தா அவங்க பிழைச்சிருப்பாங்களா?"

ஞானசிகாமணி இல்லையென்று வேகமாகத் தலையசைத்தார். அந்தக் கேள்வி வந்துவிடக்கூடாது என்றுதான் அத்தனை வருடமும் பயந்திருப்பார் போல.

"கோட்டுக்கா பஞ்சம்? அந்தக் கட்டிலைச் சுத்தி அன்னைக்கு இருபத்தெட்டுக் கோட் இருந்துச்சும்மா," என்றார். "என்னோடதையும் சேர்த்து."