மகாராஜாவுக்குப் பாலாலயம்

மலைக்கும் கடலுக்கும் நடுவே முன்னொரு காலத்தில் தென்மருதம் என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்ட மகுடகேசரி மகாராஜா நல்லவர்தான். ஆனால் காலையில் சொன்னதை மத்தியானம் மாற்றுவார், மத்தியானம் மாற்றியதைச் சாயங்காலம் மறந்துவிடுவார்.

ஒருநாள் கொலுமண்டபத்துக் கூரையில் கீறல் விழுந்து, மழைத்துளி ஒன்று ராஜாவின் மூக்கு நுனியில் சொட்டென்று இறங்கியது. "உடனே மராமத்து செய்யுங்கள்" என்றார் ராஜா.

அரண்மனை மராமத்து அதிகாரி ஆபத்சகாயம் முன்னே வந்தார். ஏழு நிலை மண்டபம் ஒன்று கட்டி, ஏழாவது நிலையில் தன் பெயரைப் பொறிக்க வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை.

"மராமத்து என்றால் பழையதை இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டுவது, பிரபு. இருக்கிற இடம் போதாது. பின்னால் உள்ள கொத்தர் தெருவையும் எடுத்துக்கொள்ளலாம்."

கீறலைப் பூச வந்திருந்த கொத்து வேலைக்காரி பேராச்சி, தலையிலிருந்த சுண்ணாம்புச் சட்டியைக் கீழே இறக்கினாள். கொத்தர் தெருவில் நாற்பது வீடு. அதில் ஒன்று அவளுடையது. அதன் சுவருக்குச் சுண்ணாம்பு அரைத்ததும் அவள்தான்.

"சாமி, குளம் மராமத்துன்னா கரை உடைஞ்ச இடத்தை அடைக்கிறோம். குளத்தையே தூத்துட்டு வேற குளமா வெட்டுறோம்? இருக்கிறதை இருக்கிறபடி வச்சுக்கிட்டு, கெட்டதை மட்டும் சரிபண்றதுதான் மராமத்து" என்றாள்.

"சட்டி தூக்குகிறவள் சபைக்கு அர்த்தம் சொல்கிறாள்" என்று ஆபத்சகாயம் சிரித்தார். சபையும் சிரித்தது. ராஜாவும் சிரித்துவிட்டு, "அதிகாரி சொல்வதே அர்த்தம். நாளைக்கே இடியுங்கள்" என்றார்.

பேராச்சிக்கு அழுகை வந்தது. ஆனால் இருபது வருஷம் கோயில் கோயிலாகத் திருப்பணி வேலை பார்த்தவள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு குரலைக் குழைத்தாள்.

"அப்ப இது பெரிய மராமத்து சாமி. கோயில்ல பெரிய திருப்பணின்னா, கல்லைத் தொடுறதுக்கு முன்னாடி பாலாலயம் பண்ணுவாங்க. சாமியோட சக்தியைக் கும்பத்துக்கு மாத்தி, சின்னக் கொட்டகையில வச்சிருவாங்க. வேலை முடியிற வரைக்கும் பூசை, படையல் எல்லாம் கும்பத்துக்குத்தான். நம்ம மகாராசாவுக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாதா?"

ராஜாவின் மார்பு விரிந்தது. "கிடையாதாவது? எனக்கும் பண்ணுங்கள்" என்றார்.

மறுநாள் காலை கொட்டகை எழும்பியது. புரோகிதர் மந்திரம் சொல்லி, ராஜாவின் சக்தியை ஒரு செம்புக் கும்பத்தில் இறக்கினார். கும்பத்துக்குப் பட்டு கட்டி, கிரீடம் வைத்தார்கள். சபையே கும்பத்தை விழுந்து கும்பிட்டது. ராஜாவும் பக்கத்தில் நின்று பெருமையோடு பார்த்தார்.

மத்தியானம் பதினெட்டு வகைப் பதார்த்தம் வந்தது. சமையற்காரர் அதைக் கும்பத்துக்கு முன் வைத்தார், கற்பூரம் காட்டினார், எடுத்துக்கொண்டு போய்விட்டார். ராஜா இலையைத் தேடினார்.

"உங்களுக்கு இலை போட்டா சாமிகுத்தம் ஆயிடும், ஐயா" என்றார் சமையற்காரர்.

அந்தப்புர வாசலில் காவலாளி ராஜாவை மறித்து ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். மகாராணி தோழியை அனுப்பிக் கும்பத்தின் உடம்பு சௌகரியமா என்று விசாரித்தாள். இரண்டு அண்ணன் தம்பிகள் எல்லைத் தகராறோடு வந்து, கும்பத்தின் முன் ஒரு நாழிகை கைகட்டி நின்றார்கள். அது ஒன்றும் பேசாததைக் கண்டு பயந்து சமாதானமாகப் போனார்கள். இவ்வளவு நல்ல தீர்ப்பு இந்தச் சபையில் வந்ததில்லை என்று மந்திரிகள் பேசிக்கொண்டார்கள். ராஜாவுக்கு அதுதான் பசியைவிட அதிகமாகச் சுட்டது.

மறுநாள் ஆபத்சகாயம் சாமரம் வீசியபடி கும்பத்தின் காதோரம் குனிந்தார். கும்பத்துக்கு ஏது காது? ஆனாலும் குனிந்தார்.

"பிரபு, முன்பு இருந்தவரைவிடத் தாங்கள் எவ்வளவோ மேல். அடியேனுக்குப் பிரதான மந்திரிப் பட்டம் தரலாமா? மறுக்கவில்லை. மிகவும் நன்றி."

பின்னாலேயே ராஜா நின்றிருந்தார். முகம் கறுத்தது. "ஓய், மராமத்து எத்தனை நாளில் முடியும்?"

ஆபத்சகாயம் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. கும்பத்தைக் கும்பிட்டு, "பன்னிரண்டு வருஷத்தில் முடித்துவிடுகிறேன், பிரபு" என்றார்.

ராஜா தட்டுத்தடுமாறி மண்டப வாசலுக்கு வந்தார். அங்கே பேராச்சி கடுக்காய்த் தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பைக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

"உன்னுடைய மராமத்து எத்தனை நாள் ஆகும், தாயே?"

"ஏணி குடுத்தா பொழுது சாயிறதுக்குள்ள முடிச்சிருவேன் சாமி. தெருவை மட்டும் இடிக்கச் சொல்லாதீங்க."

"ஒரு செங்கல்லைக்கூடத் தொடமாட்டேன். ஏறு" என்று ஏணியை ராஜாவே பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் கீறல் அடைந்தது. புரோகிதர் கும்பத்து நீரை ராஜாவின் தலையில் ஊற்றினார். சக்தி திரும்பியதும் ராஜா முதலில் கேட்டது சோறு. மூன்று இலை சாப்பிட்டுவிட்டு, கொத்தர் தெருவை யாரும் எந்தக் காலத்திலும் தொடக்கூடாது என்று செப்புப் பட்டயம் எழுதிப் பேராச்சியின் கையில் கொடுத்தார்.

பிறகு ஆபத்சகாயத்தைக் கூப்பிட்டார். அவர் தலைப்பாகையைச் சரிசெய்தபடி வந்து நின்றார்.

"இவரை வேலையை விட்டு விரட்டட்டுமா, பேராச்சி?"

"அது இவரு சொல்ற மராமத்து சாமி. நம்ம மராமத்தில எதையும் இடிக்கிறதில்லை."

பேராச்சி அவரை மேலும் கீழும் பார்த்து, தலைப்பாகையை எடுத்து, உச்சந்தலையை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"இங்கதான் கொஞ்சம் கீறல் விட்டிருக்கு. ஆறு மாசம் எங்கூடச் சுண்ணாம்பு அரைச்சா அடைஞ்சிரும்."