கூவல்மலைக் காளையின் உயரம்

வேங்கை நாட்டு அரசர் மாறவேளுக்கு எல்லாமே பெரிதாக இருக்க வேண்டும். கால்நடை அதிகாரி பூதநாதர் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார்.

"அரசே, கூவல்மலை மாடுகள் ஆட்டுக்கு அண்ணன் மாதிரி இருக்கின்றன. தரையிலிருந்து திமில் வரை ஆறு சாண் இல்லாத காளைகளுக்கெல்லாம் காயடித்துவிடுவோம். என் பண்ணைக் காளையைப் பொலிகாளையாக அனுப்புகிறேன். இனம் பெரிதாகிவிடும்!"

உத்தரவு பறந்தது. மூன்றாம் நாள் மலையிலிருந்து சடைச்சி என்ற மாட்டுக்காரி சபைக்கு ஓடிவந்தாள்.

"சாமி, எங்க காளை எதுவும் அஞ்சு சாணைத் தாண்டாது. அத்தனைக்கும் காயடிச்சா மந்தையே அத்துப்போகும். பெரிய மாடு எங்க மலையில ஏறாது சாமி!"

அரசர் மசியவில்லை. விகடகவி விடங்கன் எழுந்தான்.

"உத்தரவு உத்தரவுதான். ஆனால் அளவை மலையிலேயே எடுப்போம். அரசரே கோல் பிடிக்கட்டும். பூதநாதரும் தம் காளையோடு வரட்டும்."

அரசருக்கு ஒரே குஷி. எல்லாரும் மலையேறினார்கள். பாதி வழியில் பூதநாதரின் காளை நுரைதள்ளிப் படுத்துவிட்டது. தள்ளினார்கள், இழுத்தார்கள், கும்பிட்டும் பார்த்தார்கள். அசையவில்லை. அதை அங்கேயே விட்டுவிட்டு மேலே போனார்கள்.

உச்சிச் சரிவில் சடைச்சியின் குட்டைக்காளை சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தது. அரசர் மேட்டுப்பக்கம் கோலை ஊன்றினார். நாலரை சாண். பள்ளத்துப் பக்கம் ஊன்றினார். ஆறரை சாண்!

"இதெப்படி?" என்று விழித்தார் அரசர்.

"மோசடி!" என்று கத்தினார் பூதநாதர். "சமதரையில் நிறுத்தி அளக்க வேண்டும்!"

"தாராளமாக," என்றான் விடங்கன். "சமதரையைக் காட்டுங்கள்."

பூதநாதர் இடப்பக்கம் பார்த்தார், சரிவு. வலப்பக்கம் பார்த்தார், பாறை. பின்னால் ஒரு அடி வைத்தார், சறுக்கியது. சட்டென்று குட்டைக்காளையின் வாலைப் பிடித்துத் தொங்கினார். காளை ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

"சரி விடங்கா, நீயே தீர்ப்புச் சொல்," என்றார் அரசர். "எந்தக் காளை உயரம்?"

விடங்கன் கீழே கைகாட்டினான். பாதி மலையில் பெரிய காளை புள்ளியாகத் தெரிந்தது.

"நீங்களே பாருங்கள் அரசே. அதன் கொம்பே இதன் குளம்புக்குக் கீழேதான் இருக்கிறது!"

மலையே அதிரச் சிரித்தார் அரசர். உத்தரவை அங்கேயே கிழித்துப்போட்டார். தம் முத்துமாலையைக் கழற்றி விடங்கனுக்குப் போட்டார்.

"அரசே, நான் எப்படி இறங்குவது?" என்று ஈனக்குரலில் கேட்டார் பூதநாதர்.

"வாலை விடாதீர்," என்றார் அரசர். "மாடு வீடு திரும்பும்போது நீரும் வந்துவிடுவீர்!"