கிணற்றடி இட்லிப்பூச் செடி

மலையடிவாரத்து ஆசிரமத்தில் தில்லைநாயகி அம்மாளுக்குச் சீடர்கள் நான்கு பேர். மூத்தவர் சபாரத்தினம். வயதில் குருவைவிட இருபது கூட. பிடிவாதத்திலும் அப்படித்தான்.

வாசலிலிருந்து கிணறு வரைக்கும் பாதையின் இரண்டு பக்கமும் இட்லிப்பூ வேலி. இடப்பக்கம் அவர் பொறுப்பு. அதன் கடைசிச் செடியைக் கிணற்றடியில் அவருடைய மகள் வடிவு நட்டிருந்தாள். நட்ட மறுவருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் கைபட்டது என்று அவருக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

ஐப்பசியில் வாசல் செடியில் கரும்புள்ளி விழுந்தது. இலைகள் பழுத்து உதிர்ந்தன. சபாரத்தினம் மருந்து அடித்தார். புள்ளி அடுத்த செடிக்குப் போனது. அங்கேயும் அடித்தார். அதற்கும் அடுத்ததற்குப் போனது. வலப்பக்க வேலியில் ஒரு புள்ளிகூட இல்லை.

கார்த்திகை பிறந்தபோது, கிணற்றடிச் செடிக்கு முன்னால் இன்னும் இரண்டே செடிகள்தான் பாக்கி. சபாரத்தினம் குருவிடம் போனார். உண்மையிலேயே பயந்து போயிருந்தார்.

"அம்மா, இது சீக்கு மாதிரி தெரியல. வரிசையா வருது. ஒண்ணைக்கூட விடல. எம்பிள்ள செடி எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியும்."

"நீங்க என்ன செய்யுதீங்க?"

"செய்யாதது என்ன இருக்கு? இருட்டோட, லாந்தரைத் தூக்கிக்கிட்டு, பனி சொட்டச் சொட்டப் போயிருதேன். வாசல்ல தொடங்கி ஒவ்வொரு இலையா புரட்டிப் பாக்கேன். புள்ளி விழுந்ததைக் கிள்ளுதேன். கடைசியில வடிவு செடிகிட்ட வந்து, தடவிக் குடுத்துக்கிட்டே உக்காந்திருப்பேன்."

"நாளைக்கும் அப்படியே செய்யுங்க."

மறுநாள் அவர் வேலையை முடித்துவிட்டு, குளிருக்குக் கைகளைத் துண்டுக்குள் பொதிந்துகொண்டு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் வந்ததும் அம்மாள் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"இங்க வந்து பாருங்க."

இரண்டாவது செடியின் இலைகளில் நீலக் கறை. விரல் விரலாக இருந்தது. மூன்றாவதிலும் இருந்தது. சபாரத்தினம் மெல்ல நடந்தார். எந்தச் செடியும் தப்பவில்லை. இலையின் மேல் ஒரு பெருவிரல், அடியில் நான்கு விரல்கள்.

"யாரோ நடந்து போயிருக்காங்க, அம்மா."

குரு கூடவே வந்தார்.

கடைசிச் செடியில் கறை மங்கலாக இருந்தது. ஆனால் அது படாத இலை ஒன்றுகூட இல்லை. தண்டில்கூட ஒரு கை சுற்றிப் பிடித்த அடையாளம் இருந்தது.

சபாரத்தினம் அந்தச் செடி முன்னால் குனிந்தார்.

"வடிவா வந்தா?"

"உங்க கையைப் பாருங்க."

துண்டை விலக்கினார். பத்து விரலும் நீலமாக இருந்தன.

"நீங்க எந்திரிக்க முன்னாடி வாசல் செடியில மட்டும் நீலம் கரைச்சுத் தெளிச்சேன். துணிக்குப் போடுற நீலம்தான்" என்றார் அம்மாள்.

சபாரத்தினம் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு கேட்டார்.

"இது பிழைக்கணும், அம்மா. நான் என்ன செய்யட்டும்?"

"நாளைக்கு வராதீங்க."