நண்டு வாத்தியாரும் நாலு சொட்டும்

காட்டுக் குளம் ஒன்றில் தவளைகளுக்குப் பாடம் நடத்தி வந்தார் மத்தளனார். அவர் ஒரு நண்டு. நேராக நடக்க வராவிட்டாலும் நேர்வழி காட்டுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பு.

அந்தக் கோடையில் குளம் வற்றிப்போனது. பாறைமேட்டைத் தாண்டினால் ஆறு. ஆனால் விடிந்து மூன்று நாழிகை ஆனால் பாறை தோசைக்கல்லாகிவிடும். அதற்குள் எல்லோரும் ஆற்றில் இறங்கியாக வேண்டும். செவ்வந்தி என்ற தவளைக்குத்தான் கவலை அதிகம். தன் தலைப்பிரட்டைக் குஞ்சுகளை இலைத் தொன்னையில் கொஞ்சம் தண்ணீரோடு சுமந்து போக வேண்டும்.

"கவலையே வேண்டாம். ஏற்றம் முந்நூறு அடி, இறக்கம் முந்நூறு அடி. ஏறும்போது நாழிகைக்கு நூறு அடி போவோம், இறங்கும்போது முந்நூறு. கூட்டிப் பாதியாக்கினால் சராசரி வேகம் இருநூறு. ஆக, அறுநூறு அடிக்கு மூன்றே நாழிகை!" என்றார் மத்தளனார்.

பாடம் மனதில் பதியட்டும் என்று களிமண்ணில் குட்டி மேடு ஒன்றும் கட்டினார். மேலே ஓர் இலை. அதிலிருந்து விழும் ஒவ்வொரு சொட்டும் ஒரு நாழிகை. பயணி ஒரு மரவட்டை. அது மெதுவாக ஏறும், உச்சியில் சுருண்டு உருளும். தொட்டு விளையாடிப் பார்க்கச் சொல்லிவிட்டு வாத்தியார் பேச்சைத் தொடர்ந்தார்.

தவளைகள் மேட்டை உயர்த்தின, தாழ்த்தின, கடைசியில் நிஜ மேட்டுக்குப் பொருத்தமாக வைத்தன. மரவட்டை ஏறி முடிக்க மூன்று சொட்டு, உருள ஒன்று. மொத்தம் நாலு.

மரவட்டை சோம்பேறி என்றார் வாத்தியார். வேறொரு மரவட்டையை விட்டார்கள். அப்போதும் நாலு. இலை அவசரப்பட்டுச் சொட்டுகிறது என்று இலையைத் திட்டினார்.

அப்படியானால் விடிவதற்கு ஒரு நாழிகை முன்பே கிளம்பலாமே என்று செவ்வந்தி கெஞ்சியது. அதிகாலைத் தூக்கம் மத்தளனாருக்கு உயிர். கணக்கு கணக்குதான் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். அடிமேல் அடி வைத்து உச்சிக்கு வந்தபோது பாறை சுட ஆரம்பித்தது. தொன்னையில் தண்ணீர் வற்றி, குஞ்சுகள் அடியில் துடித்தன.

"வாத்தியாரே, நீங்க சொன்ன மூணு நாழிகை முடிஞ்சுபோச்சு. நாம இன்னும் உச்சியிலதான் நிக்கிறோம். என் பிள்ளைங்க செத்துடும்" என்றது செவ்வந்தி.

மத்தளனார் முதலில் சூரியன் மீது பழி போடப் பார்த்தார். தொன்னையில் துடிக்கும் குஞ்சுகளைப் பார்த்ததும் கணக்கை மறுபடி போட்டார். ஏற்றம் மட்டுமே மூன்று நாழிகையையும் தின்றுவிட்டது. இறக்கத்துக்கு இன்னும் ஒன்று வேண்டும். மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்திருந்தால் சராசரி நூற்றைம்பதுதான். அதைத்தானே மரவட்டை திரும்பத் திரும்பச் செய்து காட்டியது!

"மேட்டைக் கட்டினவனும் நான், அதைக் கண்ணெடுத்துப் பார்க்காதவனும் நான். எனக்கு எதுக்கு ரெண்டு கண்ணு, அதுவும் குச்சி மேல?" என்றார். பிறகு தன் ஓட்டுக்குள் சேர்த்து வைத்திருந்த தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை தொன்னையில் விட்டார். குஞ்சுகள் வாலாட்டின.

ஈரம் போன நண்டுக்கு நடக்கத் தெம்பில்லை. கால்களை மடக்கிக்கொண்டு, "உருட்டி விடுங்கப்பா" என்றார். தவளைகள் சுட்ட காலோடு தத்தித் தத்தி அவரை உருட்டிக்கொண்டே இறங்கின. செவ்வந்தி தொன்னையை இறுகப் பிடித்தபடி பின்னால் வந்தது. எல்லோரும் தண்ணீரில் விழுந்தார்கள். ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை.

ஒரு தவளையின் முதுகில் தொற்றி வந்திருந்த மரவட்டை கரையில் இறங்கியது. "எத்தனை நாழிகை ஆச்சு வாத்தியாரே?" என்று கேட்டது.

"நாலு" என்றார் அவர், ஓடெல்லாம் கீறலோடு.

ஆற்றங்கரையில் மறுபடி பாடம் தொடங்கியபோது, களிமண் மேட்டில் மரவட்டைக்குப் பதில் மத்தளனாரே ஏறிக்கொண்டார். தவளைகள் சொட்டுகளை எண்ணின. உச்சியில் அவர் கால்களை மடக்கிக்கொண்டு உருண்டார்.

தன் கணக்கு தப்பென்று காட்டும் சோதனையைத் திட்டுகிறவன், கடைசியில் தானே சோதனைப் பொருளாக உருள வேண்டிவரும்.