அருவிக்குப் பின்னால ஒரு தங்கச்சி

ஒரு ஊர்ல ஒரு புளுகுணி இருந்தா. பேரு தமயந்தி, வயசு பத்து. ஊரு எதுன்னா, பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ். ம் கொட்டு பூவி, அப்பத்தான் அத்தைக்குக் கதை வரும்.

ம்.

அங்க ஸ்டீபன் வீட்ல மட்டும்தான் டிவில மாட்டி விளையாடுற வீடியோ கேம் இருந்துச்சு. பள்ளிக்கூடம் விட்டா தெருப் புள்ளைங்க பூரா அங்கதான். ஸ்டீபன் கேசட்டை எடுத்து ஊஃப் ஊஃப்னு ஊதி, டப்புன்னு சொருகுவான். ஊதலைன்னா படமே வராதுன்னு அவங்களுக்கு ஒரு நம்பிக்கை. ஆளுக்கு மூணு உயிரு. மூணும் போச்சா, ஜாய்ஸ்டிக்கை அடுத்தவங்க கையில குடுத்துரணும்.

அந்த கேம்ல ஒரு குட்டிப் பய வாளைத் தூக்கிட்டு ஓடிட்டே இருப்பான். எதுக்கு ஓடுறான்? ஒருத்தருக்கும் தெரியாது. திரையில வர்றது பூரா ஜப்பான் எழுத்து. அப்போ நம்ம தமயந்தி, "எங்க மாமா கப்பல்ல இருக்காரு, எனக்கு இதெல்லாம் படிக்க வரும்"னு ஒரே போடா போட்டா! "இவன் தங்கச்சிய அருவிக்குப் பின்னால அடைச்சு வெச்சிருக்காங்களாம். அவளைத் தேடித்தான் ஓடுறானாம்."

அவ்வளவுதான். அன்னிலேருந்து அந்தப் பய பள்ளத்துல விழுந்தா அத்தனை பேரும் "ஐயோ, தங்கச்சி!"ன்னு கத்துவாங்க. தமயந்தியும் தெனம் புதுசு புதுசா படிச்சா. அடுத்த தெருவுல ஒருத்தன், தங்கச்சியோட வளையல் சத்தத்தையே கேட்டேன்னு சத்தியம் பண்ணான். எல்லாம் அண்டப்புளுகு. ஆனா என்ன அழகான புளுகுங்கிற!

ம்...

அப்புறம் ஒரு நாள் நெசமாவே திரையில அருவி வந்துருச்சு. சோஓஓன்னு கொட்டுது. ஸ்டீபன் ஜாய்ஸ்டிக்கை நீட்டினான். "படிக்கத் தெரியும்ல? கதவு எங்கன்னு பாத்து நீயே தொற. மூணு உயிர்லயும் தங்கச்சி வரலைன்னா இந்த வீட்டுப் பக்கமே வராத."

தமயந்தி ஜாய்ஸ்டிக்கை வாங்கிக்கிட்டா. அந்த வீட்டை விட்டா அவளுக்குப் போக்கிடமே கெடையாது, பாவம்.

மொத உயிரு. ஒரே தாவு. டொம்! பாறையில முட்டிப் போச்சு. ரெண்டாவது உயிரு. பாறையை வாளால டக் டக் டக்னு தட்டினா. ஒரு நண்டு வந்து வெடுக்குனு கடிச்சிருச்சு. மூணாவது உயிரு. மூச்சைப் புடிச்சிட்டு தண்ணிக்குள்ள சளக்! போறான், போறான், அடி ஆழத்துக்குப் போறான்... டிங் டிங் டிங். ஆட்டம் காலி. கதவும் இல்ல, சன்னலும் இல்ல.

எந்திரிச்சுப் போயிட்டா. தெருவுக்கு வந்தப்புறம்தான் அழுதா. நல்லா விக்கி விக்கி அழுதா.

அப்புறம் ஸ்டீபன் ஆடினான். பய ஓடுறான், தாவுறான், விழுறான். ஒருத்தரும் "ஐயோ"ங்கல. ஒருத்தன் பாதியிலேயே பம்பரம் விடப் போயிட்டான். இன்னொருத்திக்குக் கொட்டாவி, இப்ப உனக்கு வருதே அது மாதிரி. மூணாம் நாளு ஸ்டீபன் வீட்ல ஸ்டீபன் மட்டும்தான் உக்காந்திருந்தான்.

அப்போ அவன் தமயந்தி வீட்டு வாசல்ல வந்து நின்னான். இவ முந்திக்கிட்டா. "எனக்கு ஜப்பான் எழுத்தெல்லாம் தெரியாதுடா. எங்க மாமா கப்பல்லயும் இல்ல. எல்லாம் நானா சொன்னது."

"தெரியும்"னான்.

"அப்புறம் எதுக்கு வந்த?"

அவன் காலால மண்ணைக் கிண்டிக்கிட்டே கேட்டான். "மூணு நாளா அந்தத் தங்கச்சிக்குச் சோறு யாரு குடுத்தா?"

...ம்? யாரு குடுத்தா அத்தை?

பாத்தியா, நீயும் கேக்குற! ஆட்டம் முடிஞ்சாச்சு, கேசட்டைக் கழட்டியாச்சு. சாப்ட்டுட்டு அந்தத் தங்கச்சியும் படுத்துட்டா, நீயும் தூங்கு.