ஹார்டு டிஸ்கில் அழிந்துபோன கல்யாணம்

வாகைக்குளத்தில் நல்ல போட்டோ ஸ்டுடியோ எது என்று கேட்டால் சொரிமுத்து ஸ்டுடியோ என்பார்கள். வேறு ஸ்டுடியோ அங்கே கிடையாது. சொரிமுத்து முதலாளி. அவர் மனைவியின் தம்பி பலவேசம் ஆல்பம் ஒட்டுவான். நல்லகண்ணு லைட் பிடிப்பான். மூன்று பேரும் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். அவர்களிடம் வேறு குறை எதுவும் இல்லை.

ஒருநாள் காலையில் கம்ப்யூட்டர் எழுந்திருக்க மறுத்தது. கறுப்புத் திரையில் இங்கிலீஷில் ஒரு வரி மட்டும் நின்றது. போன மாதம் நடந்த வெள்ளைப்பாண்டி அண்ணாச்சி மகள் கல்யாணப் படம் பூராவும் அதற்குள்தான் இருந்தது. அதிலும் தாலி கட்டும் படம், சொரிமுத்து ஸ்டூல்மேல் ஏறி நின்று எடுத்தது. இத்தனை வருஷத் தொழிலில் அவருக்கு ஆடாமல் விழுந்த ஒரே படம்.

டவுனில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் எஸ்தர் மேடத்துக்குப் போன் போட்டு, அந்த வரியை எழுத்துக்கூட்டி வாசித்தார். பார்ட்டிஷன் பிரச்சினை, என்றார் மேடம். ஒரே டிஸ்கை சி, டி என்று இரண்டு பாகமாகப் பிரித்திருக்கிறது, அந்த எல்லை அழிந்துவிட்டது. கடையில் ஆள் நிற்பதால் கொஞ்ச நேரத்தில் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

எல்லைத் தகராறு என்றதும் சொரிமுத்துவுக்குத் தெம்பு வந்தது. சொந்தத் தம்பியோடு எட்டு வருஷமாகக் கோர்ட்டுக்கு அலைகிறவர் அவர்.

"சி மூத்தவனா இருக்கணும். மேலப் பக்கத்தை அவனுக்கு விட்டிருவோம்," என்றார்.

"அப்ப ஏ, பி எங்க அத்தான்?" என்று கேட்டான் பலவேசம்.

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள்.

"அவங்க பங்கை வித்துட்டு வெளியூர் போயிருப்பாங்க," என்றான் நல்லகண்ணு. நியாயமாகத்தான் பட்டது.

டேப் வைத்துப் பெட்டியை அளந்து, நட்ட நடுவில் சாக்பீஸால் கோடு கிழித்தார்கள். பின்னால் பேச்சு வரக்கூடாது என்று நான்கு எல்லையையும் பெட்டிக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார் சொரிமுத்து. கம்ப்யூட்டர் அசையவில்லை. டி-க்கு மனசு ஆறவில்லை போலிருக்கிறது என்று பலவேசம் கோட்டை அழித்து அரை அங்குலம் தள்ளிப் போட்டான். அப்போதும் அசையவில்லை.

மேடம் திரும்பக் கூப்பிட்டு, பேக்கப் இருக்கிறதா என்றார். இருந்தது. பொங்கலுக்கு முன்னால் மேடமே நகல் எடுத்துக் கொடுத்த தனி டிஸ்க். அதற்குப் பிறகு புதுசாக ஏதாவது சேர்த்தீர்களா என்று கேட்டார். கல்யாணமாகி ஒரு மாதம் ஓடிவிட்டது, அதைப் போய்ப் புதுசு என்று எப்படிச் சொல்வது? இல்லை என்றார் சொரிமுத்து. பேக்கப் டிஸ்கைச் சொருகினால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும் என்று சொல்லி, செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாக விளக்கினார் மேடம். "முடியிற வரைக்கும் என்ன கேட்டாலும் ஓகே கொடுங்க. வேற எதுவும் பண்ணிராதீங்க."

உள்ளே இருப்பதெல்லாம் அழியும், பரவாயில்லையா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஓகே கொடுத்தார்கள். அந்தச் சமயம் பார்த்து வெள்ளைப்பாண்டி வந்து நின்றார்.

"சாயங்காலம் ஆல்பம் கிடைச்சிருமா தம்பி?"

"ஓகே," என்றார் சொரிமுத்து.

"மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரு ஆல்பம் சும்மா கொடுத்திருவீங்கல்லா?"

"ஓகே."

இவ்வளவு நல்ல மனுஷனைத் தான் பார்த்ததே இல்லை என்று வெள்ளைப்பாண்டி வீட்டுக்குப் போனார்.

மத்தியானம் கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது. பழைய படமெல்லாம் இருந்தது. கல்யாணம் மட்டும் இல்லை. மேசைக்கு அடியிலும் தேடிப் பார்த்துவிட்டு மேடத்துக்குப் போன் போட்டார்கள். கல்யாணம் எப்போது நடந்தது என்று விசாரித்தார் மேடம். பிறகு, "பேக்கப் எடுத்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படித்தான் இருக்கும். அதைப் பொறுத்தவரைக்கும் அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை," என்றார்.

சொரிமுத்து அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். "கல்யாணம் நடக்கலையாம்டே."

"நான் ரெண்டு தடவை பாயசம் குடிச்சேனே அண்ணாச்சி," என்றான் நல்லகண்ணு.

"பொங்கலுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"அப்புறம்தான்."

"அப்ப நீ குடிக்கல."

நல்லகண்ணு வயிற்றைத் தடவிப் பார்த்தான். பசிக்கத்தான் செய்தது.

இப்படிப்பட்ட சேதியை மறைப்பது பாவம் என்று மூவரும் வெள்ளைப்பாண்டி வீட்டுக்குப் போனார்கள். அங்கே விருந்துக்கு வந்திருந்த மாப்பிள்ளை கோழிக்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொரிமுத்து விஷயத்தைச் சொன்னார். வெள்ளைப்பாண்டியும் அதே ஊர்க்காரர்தானே. மெதுவாக எழுந்து போய் மாப்பிள்ளையின் இலையை மடக்கினார்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. நாள் பார்த்துச் சொல்லி அனுப்புறோம். அதுவரைக்கும் இந்தப் பக்கம் வரப்பிடாது, ஊர் தப்பாப் பேசும்."

மாப்பிள்ளை கை கழுவி, இத்தனை நாள் தெரியாமல் குடும்பம் நடத்தியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்.

அடுத்த முகூர்த்தத்தில் அதே மண்டபத்தில், அதே பட்டுச்சேலையில் கல்யாணம் நடந்தது. ஊரே வந்து இன்னொரு தடவை மொய் எழுதியது. சொரிமுத்து ஸ்டூல்மேல் ஏறினார். இந்தத் தடவை படம் ஆடிவிட்டது. அவருக்கு அழுகை வந்தது.

சாப்பாட்டு நேரத்துக்கு வந்த எஸ்தர் மேடத்துக்கு, நடந்ததைக் கேட்டுத் தலை சுற்றியது. முதல் கல்யாணத்தை எடுத்த கேமரா கார்டை அழித்துவிட்டீர்களா என்று கேட்டார். அழிக்கவில்லை, யாரும் அழிக்கச் சொல்லவில்லையே என்றான் பலவேசம். அப்படியானால் அந்தப் படமெல்லாம் அதிலேயே இருக்கும் என்றார் மேடம்.

பரிமாறிக்கொண்டிருந்த வெள்ளைப்பாண்டி வாளியைக் கீழே வைத்தார்.

"அப்ப என் மகளுக்கு ரெண்டு கல்யாணமா?" என்றார் கலவரத்தோடு.

மேடத்துக்குப் பசி. "ஒண்ணு அசல், ஒண்ணு பேக்கப்புன்னு வச்சுக்கோங்க," என்றார். பிறகு படங்களை மனதில் வைத்து ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார்: "ரெண்டையும் ஒரே இடத்துல வைக்காதீங்க. வேற வேற ஊர்ல இருந்தாத்தான் பாதுகாப்பு."

அன்று சாயங்காலமே மணப்பெண்ணைக் கோவில்பட்டியில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் பஸ் ஏற்றினார்கள். பெண் பேக்கப், மாப்பிள்ளை அசல், அவர் வாகைக்குளத்திலேயே இருப்பது என்று முடிவாயிற்று. பஸ் நகரும்போது அவர் ஜன்னலோரமாகக் கூடவே ஓடினார். தான் ஏதாவது கெட்டுப்போனால் உடனே சொல்லி அனுப்புவதாகவும், அவள் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பி வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.