பச்சை விளக்கு வந்துருச்சு

இந்தக் கதையைப் பதினாறு வருடங்களாக நான் முழுதாக நம்பியதில்லை. நம்பாமலேயே விசாரணை அறிக்கையாக எழுதி, கையெழுத்தும் போட்டேன். எனக்குச் சொன்னவர் செம்பரை அணையின் பொறியாளர் தில்லைநாயகம். அவர் சொன்னதையும், பாலத்துக் காவலர் இருளப்பன் சொன்னதையும் அப்படியே வைக்கிறேன். படிப்பவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும்.

அணைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டரில் மாவடித் தரைப்பாலம். மதகு திறப்பதற்கு முன் அங்கே சங்கு ஊத வேண்டும். ஊதாவிட்டால் பாலத்தில் நிற்பவர்களுக்குத் தண்ணீர் வருவது தெரியாது. சங்கை இயக்குவது இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிப். அது செய்ய வேண்டிய வேலையைச் சொல்லும் மென்பொருளை, அதாவது 'பதிவை', அணையில் உட்கார்ந்தபடியே மாற்றி எழுதி அனுப்பலாம். பெட்டிக்குள் ஒரு கைப்பிடியும் உண்டு. அதை இழுத்தாலும் சிப் வழியாகத்தான் சங்கு ஊதும்.

சிப்பில் இருந்த பழைய பதிவில் ஒரு குறை. கரண்ட் போய்ப் பேட்டரிக்கு மாறிவிட்டால், அணையிலிருந்து வரும் உத்தரவு அதன் காதில் விழாது. அதைச் சரிசெய்த புதிய பதிவை ஓர் ஐப்பசிக் காலையில் தில்லைநாயகம் அனுப்பினார். கவனமான மனிதர். பழையதை அழிக்கவில்லை; புதியதைப் பக்கத்து இடத்தில் எழுதினார். சிப் அணைந்து எழும்போது முதலில் புதியதை எடுக்கும். அது சரியாக இருந்தால் பத்து விநாடியில் பெட்டியின் வெளியே பச்சை விளக்கு எரியும். கோளாறு என்றால் தொண்ணூறு விநாடி பொறுத்துப் பார்த்து, தானே பழையதற்குத் திரும்பிவிடும். அப்போதும் எரிவது அதே பச்சை விளக்குதான். எந்தப் பதிவு ஓடுகிறது என்று அணையிலிருந்து பார்க்க அன்றைக்கு வசதி இல்லை.

இருளப்பனைப் போனில் கூப்பிட்டார்.

"இருளப்பா, இப்ப விளக்கு அணையும். பெட்டியைத் தொட்டுராதே. சீலை உடைச்சா உன் வேலை போயிரும், சொல்லிட்டேன்."

"நான் ஏன் சார் தொடப்போறேன்? அடுத்த தை வந்தா என்னை நிரந்தரம் ஆக்குறாங்க."

ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். "வந்துருச்சா?"

"வந்துருச்சு சார். விளக்கு அணைஞ்சதும் பயத்துல ஒரு பீடியைப் பத்த வச்சேன். பாதி தீர்ந்திருக்கும், வந்துருச்சு."

"பீடியைக் குறைய்யா. உனக்கு ஊதுற சங்கை இங்கேருந்து நான் நிறுத்த முடியாது" என்று சிரித்தபடி போனை வைத்தார். பதிவேட்டில் 'புதியது வந்துவிட்டது' என்று எழுதினார்.

மதியம் நல்ல மழை. மாவடியில் கரண்ட் இல்லை. மூன்று மணிக்குச் சங்கு ஊதிவிட்டுத் தண்ணீர் திறப்பதாக இருளப்பனுக்குத் தகவல் போனது. அந்த நேரத்தில் பாலத்தில் புல்லுக்கட்டோடு நான்கு பெண்களும், நின்றுபோன ஒரு மினி வேனைத் தள்ளிக்கொண்டிருந்த மூன்று பேரும் இருந்தார்கள். சங்கு ஊதியது. வேனை விட்டுவிட்டு எல்லோரும் கரையேறினார்கள். வேன் போயிற்று, ஆட்கள் பிழைத்தார்கள்.

ஆனால் பெட்டியின் சீல் உடைந்திருந்தது. விசாரிக்க என்னை அனுப்பினார்கள்.

"அணையிலிருந்து நான் அனுப்பிய உத்தரவில்தான் ஊதியது. இவர் வீணாகப் பெட்டியைத் திறந்திருக்கிறார்" என்றார் தில்லைநாயகம்.

"மூணு மணிக்கு ஊதலை சார். போன் பண்ணேன், யாரும் எடுக்கலை. சீலை உடைச்சுக் கைப்பிடியை இழுத்தேன். அப்புறந்தான் ஊதுச்சு" என்றார் இருளப்பன்.

ஊர்க்காரர்களுக்குச் சங்கு கேட்டது மட்டும்தான் தெரியும். மணி பார்த்தவர் யாரும் இல்லை. சிப்பைச் சோதிக்கவும் வழியில்லை. 'எதற்கும் இருக்கட்டும்' என்று மறுநாள் காலையில் தில்லைநாயகம் அதே பதிவை இன்னொரு முறை அனுப்பியிருந்தார். அறிக்கையில் நான் பதிவேட்டின் பக்கமே நின்றேன். தை பிறக்கும் முன்பே இருளப்பன் வேலையை இழந்தார்.

இப்போது சொல்லுங்கள். இந்த இருவரில் யார் சொன்னது உண்மை? அன்றைக்குச் சங்கை ஊதவைத்தது யார்?

விடை பீடியில் இருக்கிறது. எனக்குப் பீடிப் பழக்கம் இல்லை. போன மாதம்தான் ஒருவரைக் குடிக்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தேன். பாதி தீர ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆனது. அப்படியானால் காலையில் எழுந்தது பழைய பதிவு. கரண்ட் போனதும் அது அணையின் உத்தரவைக் கேட்டிருக்காது. அதை அழிக்காமல் வைத்திருந்த தில்லைநாயகத்தின் கவனத்தால்தான் கைப்பிடியாவது வேலை செய்தது. ஆனால் இழுத்தது இருளப்பனின் கை. 'வந்துருச்சா' என்று ஒருவர் கேட்டது பதிவை. 'வந்துருச்சு' என்று மற்றவர் சொன்னது விளக்கை. அந்தச் சொல்லை அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் சாட்சியமாக எழுதியவன் நான். எவ்வளவு நேரத்தில் வந்தது என்று கேட்கத் தோன்றவில்லையா, கேட்கப் பிடிக்கவில்லையா என்பது எனக்கே தெரியவில்லை.

போன வாரம், ஓய்வுபெற்ற தில்லைநாயகத்தின் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். குடிக்காமல் கேட்டேன்:

"சார், முதல் நாளே வந்துருச்சுன்னா, மறுநாள் எதுக்கு சார் திரும்ப அனுப்புனீங்க?"